தப்பும் கண்ணாடி இழையும்

"மாமா, மட்டிசைப்புன்னா என்னா?"

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஒருநாள் பின்னேரம் வந்த டெலிபோன் அழைப்பு இப்படித்தான் தொடங்கியது. சுக விசாரிப்பு எதுவுமில்லை. பேசத் தொடங்கி அரை நிமிடத்தில் லைன் அறுந்துவிடும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே கேள்வியை முதலில் கேட்டுவிட்டாள். நான் "என்ன மகள்?" என்று கேட்பதற்குள் லைன் அறுந்தும்விட்டது.

ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில், ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிற பிள்ளை. அந்த வருடம் மார்ச் மாதம் நோய்ப் பரவலால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிறகு திறந்தார்கள் என்றாலும் தவறிய பாடங்கள் தவறியவைதான். ஒக்டோபர் 12ஆம் திகதி உயர்தரப் பரீட்சை. தகவல் தொழினுட்பப் பாடத்துக்கு ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்புகள் பாதி வந்தன, பாதி வரவில்லை. வராத பாதியில்தான் மட்டிசைப்பு இருந்தது.

கால் மணித்தியாலம் கழித்து மறுபடி அழைத்தாள். மூச்சு வாங்கியது. "இப்ப நாலாம் நம்பர் மலைக்கு ஏறிட்டேன் மாமா. இங்கன டவர் தெரியுது. சொல்லுங்க."

நான் முப்பது வருடங்களுக்கு மேல் தொலைத்தொடர்பில் தொழில் செய்தவன். ஓய்வுபெற்று, மகளோடு அக்குறணையில் வந்து இருந்தேன். மட்டிசைப்பு எனக்குச் சோறு போட்ட விடயம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பண்பேற்றம் என்று எழுதுவார்கள். நம் நாட்டுப் பாடப்புத்தகத்தில் மட்டிசைப்பு. எனக்கு நம்முடைய சொல்லே பிடிக்கும். அதற்குள் ஓர் இசை இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, கொழுந்து மலையின் உச்சியில் நிற்கிறவளுக்கு, பற்றரி தீருமுன்பு இதை எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்தது அவளுடைய தாத்தாவின் தப்புதான்.

"மகள், உங்கட தாத்தா தப்படிக்கிறதைக் கேட்டிருக்கிறீங்களா?"

ஒரு கணம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்: "அதச் சொல்லாதீங்க மாமா. பக்கத்துல புள்ளைங்க நிக்கிறாங்க. கேலி பண்ணுவாங்க."

*

அந்தத் தாத்தாவைச் சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். மர்ஹூம் வாப்பா தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருந்தார். நானா கடை என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அரிசி, மா, கருவாடு, சீத்தை, மண்ணெண்ணெய். சம்பளநாள் வரை கொப்பியில் கணக்கு. கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் குடித்தனம். விடியற்காலையில் எங்களை எழுப்பும் சத்தங்கள் இரண்டு. ஒன்று ஸ்டோரின் சங்கு. மற்றது அந்தத் தாத்தாவின் தப்பு.

சங்குக்குச் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. ஊதினால் வா, ஊதாவிட்டால் இல்லை. தப்பு அப்படியல்ல. பெரட்டுக்கு அழைக்கிற அடி ஒன்று, சாவுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று. தோல் ஒன்றுதான், கை ஒன்றுதான், மலைகளைத் தாண்டி வரும் காற்றும் ஒன்றுதான். அடியை மாற்றினால் சேதி மாறும். உம்மா குசினியில் நின்றபடியே சொல்வார்: "யாரோ மௌத்தாகிட்டாங்க போல, கடைய இண்டைக்கு நேரத்தோட சாத்தச் சொல்லுங்க."

அந்தத் தாத்தாவின் மகன் என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னைச் சின்ன முதலாளி என்பார். கடை போய், வாப்பாவும் போய், நான் பிறருக்குக் கைகட்டி வேலை செய்யத் தொடங்கிய பிறகும் அவர் அந்த அழைப்பை மாற்றவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் எங்கள் பக்கத்து றோட்டோரம் கண்ணாடி இழைக் கேபிள் புதைக்கும் வேலை வந்தபோது, கான் வெட்டும் ஆட்களில் ஒருவராக அவரும் வந்தார். தோட்டத்தில் பேர் விழாத நாட்களில் மீற்றர் கணக்குக் கூலிக்கு வெட்டினார். நான் இழைகளை ஒட்டுகிற ஆள். ஒட்டும் மெசினோடு சின்னக் கூடாரத்துக்குள் குந்தியிருப்பேன். மூடுபனி உள்ளே வந்தால் ஒட்டு பிழைக்கும். அவர் உரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்.

இழை தலைமயிரளவு. அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெட்டிப்போட்ட துண்டொன்றைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இதுக்குள்ளயா சின்ன முதலாளி பேச்சு போவுது?"

"பேச்சு, படம், கணக்கு எல்லாம் போகும் அண்ணே. வெளிச்சமாகப் போகும்."

"எங்க லயத்துக்கும் வருமா?"

"வரும் அண்ணே. இன்ஷா அல்லாஹ்."

அந்தச் சொல்லை அப்போது நான் எந்த நினைப்போடு சொன்னேன் என்பதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

*

பிள்ளைக்கு டெலிபோனில் சொன்னதையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம்முடைய இலக்கியக்காரர்கள் பலர் இந்தக் கண்ணாடி இழையை நாளெல்லாம் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியவர்களைக் காணவில்லை.

ஒளி என்று வந்தால் நாம் இப்னுல் ஹைஸமின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டு அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அந்த மேதை, 'கிதாபுல் மனாழிர்' எழுதி ஆயிரம் வருடங்களாகின்றன. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் பார்க்கவில்லை, பொருளிலிருந்து வரும் ஒளியைக் கண் பெற்றுக்கொள்வதால்தான் பார்க்கிறோம் என்று அவர் நிறுவினார். பெற்றுக்கொள்கிற இடத்தில்தான் விடயம் இருக்கிறது என்பது அதன் சாரம். இழையின் கதையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது.

கண்ணாடிக்குள் ஒளியைத் தூர அனுப்பலாம் என்று 1966இல் ஆதாரத்தோடு எழுதியவர் சார்ள்ஸ் காவோ. அப்போதிருந்த கண்ணாடி மோசம். ஒரு கிலோமீற்றர் போய்ச் சேரும்போது ஒளியில் நூற்றில் ஒரு பங்காவது மிஞ்சினால் போதும், வேலை நடக்கும் என்றார். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் கம்பனியார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். இன்றைய இழையில் அதே நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுவதற்கு ஒளி ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடலாம். 2009இல் காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடியின் கதை பெரும்பாலும் இத்தோடு முடிகிறது. அதன் பிறகு வந்த பெருக்கமெல்லாம் முக்கியமாக மட்டிசைப்பில் வந்தது.

முதலில் வந்தது சங்கு முறை. ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அதிகம் சொல்ல வேண்டுமா, வேகமாக ஊது. விநாடிக்கு 250 கோடித் தடவை என்றிருந்தது 1,000 கோடித் தடவையானது. அந்த வேகத்தில் ஒவ்வொரு துடிப்பும் இழைக்குள் இரண்டு சென்ரிமீற்றர் நீளம்தான், ஒரு கொழுந்தின் அளவு. இன்னும் வேகமாக்கினால் என்ன நடக்கும்? மலையில் தப்படிப்பதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். நிதானமாக அடித்தால் எதிரொலி அடங்கிய பிறகு அடுத்த அடி வரும். வேகமாக அடித்தால் முந்திய அடியின் எதிரொலியும் பிந்திய அடியும் ஒன்றாகிக் குழம்பிவிடும். இழையிலும் துடிப்பு ஓட ஓடப் பரவி, பக்கத்துத் துடிப்போடு கலக்கும். வேகத்தை நாலு மடங்காக்கினால் இந்தத் தொல்லை நாலு மடங்காக அல்ல, பதினாறு மடங்காக வரும். சங்கு முறை அங்கே முட்டி நின்றது.

சரி, உரத்து ஊதினால்? க்ளோட் ஷனன் 1948இல் போட்ட கணக்கு இருக்கிறது. ஓர் அடியில் இன்னுமொரு பிட் சேதியைக் கூட்ட, இரைச்சலோடு ஒப்பிட்ட சமிக்ஞையின் வலு ஏறத்தாழ இரட்டிக்க வேண்டும். கம்பியிலும் காற்றிலும் அது ஓரளவு செல்லுபடியாகும். கண்ணாடி அப்படியல்ல. ஒளி கூடினால் கண்ணாடியின் தன்மையே அந்த ஒளியால் மாறிச் சமிக்ஞையைக் கெடுக்கும். தப்பைத் தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். அளவோடு காட்டினால் நாதம், மிஞ்சினால் தோல் வெடிக்கும். கண்ணாடிக்கும் அப்படியோர் அளவு உண்டு.

ஆகவே சங்கை விட்டுவிட்டுத் தப்பு முறைக்கு வந்தார்கள். அடி விழுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்காமல், தாளத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பது. சரியாகத் தாளத்தில் விழலாம், கால்பங்கு பிந்தலாம், அரைப்பங்கு, முக்கால்பங்கு பிந்தலாம். நாலு இடங்கள். ஆக ஓர் அடியில் இரண்டு பிட். பாடப்புத்தகம் இந்த இடத்தை அவத்தை என்று சொல்லும். தப்புக்காரர் கையில் குச்சிகள் இரண்டு: ஒன்று தடித்த கட்டைக் குச்சி, மற்றது மெல்லிய நீளக் குச்சி. இரண்டும் ஒரே தோலில் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொல்லைச் சொல்லும். ஒளியலையும் அப்படியே, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அதிரும்போது இரண்டு சேதிகளைச் சுமக்கும். இதற்கு முனைவாக்கம் என்று பெயர். இரண்டையும் சேர்த்தால் ஓர் அடிக்கு நாலு பிட். விநாடிக்குச் சுமார் 2,800 கோடி அடிகள். பத்து கிகாபிட் போன அதே அலைநீளத்தில் நூறு கிகாபிட் போவது இப்படித்தான்.

இன்னும் நுட்பமாக, அடியின் வலுவையும் கூட்டிக் குறைத்துப் பதினாறு வகை அடிகள் வைத்தால் ஓர் அடிக்கு எட்டு பிட் வரை போகலாம். ஆனால் அடிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகிவிடுவதால் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. கிட்ட இருப்பவனுக்கு நுணுக்கமாகச் சொல்லலாம், தூரத்தில் இருப்பவனுக்கு நாலே நாலு வகையில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இத்தனையும் வேலை செய்ய ஒன்று தேவை. தப்பு பிந்தி விழுந்ததா முந்தி விழுந்ததா என்று அறிய, கேட்கிறவன் மனதில் ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இழையின் மறுமுனையிலும் ஒரு சின்ன லேசர் தன் தாளத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். வருகிற ஒளியை அதோடு ஒப்பிட்டு, வழியில் பரவிக் குழம்பியதையெல்லாம் ஒரு சில்லு கணக்குப்போட்டு நிமிர்த்தும். 2008 அளவில் இவ்வகைக் கருவிகள் சந்தைக்கு வந்தன. சொல்கிறவன் கத்தாமல், கேட்கிறவன் ஒழுங்காகக் கேட்டதால் கிடைத்த வெற்றி இது.

நம் நாட்டுக்கே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2005இல் சேவைக்கு வந்த ஸீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள் சிங்கப்பூரிலிருந்து மார்செய் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீற்றர், கொழும்பிலும் கரையேறுகிறது. போட்டபோது ஓர் அலைநீளத்துக்குப் பத்து கிகாபிட். பின்வந்த பத்தாண்டில் நாற்பதுக்கும் நூறுக்கும் உயர்த்தினார்கள். கடலடியில் கிடந்த இழையை அதற்காக யாரும் மாற்றவில்லை. கரையில் இருந்த கருவிகளைத்தான் மாற்றினார்கள்.

*

எங்கள் மலைநாட்டு றோட்டோர இழையிலும் அதுவே நடந்தது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குத் தெருவழியே ஐம்பது கிலோமீற்றருக்குள்தான். அந்தத் தூரம் ஓடியபின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். கடலோடு ஒப்பிட்டால் இது விளையாட்டு. ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு ஓர் இரவு, இரு முனைகளிலும் பழைய கார்ட்டுகளைக் கழற்றிப் புதியவற்றைச் செருகினோம். விடியும்போது அதே இழை பத்து மடங்கு சுமந்தது. மண்சரிவில் அறுந்து நான் கையால் ஒட்டிய இடங்களெல்லாம் அந்த வழியில் இருந்தன. சந்தோசப்பட்டேன் என்பது உண்மை. தேநீர் குடிக்கக் கடைக்குப் போகும் வழியில் அந்த அண்ணனைக் கண்டேன். முதுகு வளைந்திருந்தது. "என்னா சின்ன முதலாளி, ராவெல்லாம் வேலையா?" என்றார். அவர் வெட்டிய கானுக்குள் கிடக்கும் இழை பத்து மடங்கு வேலை செய்யப் போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் செயற்றிறன் என்பது நல்ல சொல். அதே இழை, கூடுதல் சுமை. அந்த அண்ணனின் மனைவிக்கும் அது தெரிந்த கணக்குத்தான். அவர்களுடைய தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். அதே கை, கூடுதல் கிலோ. கண்ணாடிக்குக் களைப்பில்லை, அதனால் கண்ணாடியின் செயற்றிறனை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கூடிய பத்து மடங்கு யாருக்குப் போனது என்று கேட்பது எங்கள் வேலையில் சேர்ந்ததல்ல என்று எல்லாரும் இருந்தோம், நானும் இருந்தேன். நகரத்து ஹோட்டல்களுக்கும் வங்கிகளுக்கும் போனது. றோட்டிலிருந்து அரைமைலில் இருந்த லயத்துக்குப் போகவில்லை. ஒருமுறை மேலதிகாரியிடம் கேட்டேன். "அங்க யார் கட்டணம் கட்டுவான்?" என்றார். நானும் அதற்கு மேல் பேசவில்லை.

அந்தப் பிள்ளை நாலாம் நம்பர் மலையில் ஏறி நின்ற கதையிலும் இதே விஞ்ஞானம்தான். கையடக்கத் தொலைபேசிக்கும் டவருக்கும் இடையில் சமிக்ஞை நன்றாயிருந்தால் ஓர் அடியில் ஆறு பிட் வரை அனுப்பும். மங்கினால் நாலாகக் குறைக்கும். மலைக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்தால் இரண்டாக்கும், கடைசியில் விட்டுவிடும். கருவிக்கு அது நியாயமான கணக்கு. லயங்கள் பள்ளத்தில் இருப்பது கருவியின் குற்றமில்லை.

*

அன்றைக்குப் பிள்ளை தப்பைச் சொல்லாதீர்கள் என்றபோது நான் சங்கையும் அதிர்வையும் வைத்து ஏதோ சொல்லிச் சமாளித்தேன். விளங்கியதா என்று தெரியவில்லை. "சரி மாமா" என்றாள். அன்றிரவு படுக்கையில் அவளுடைய வாப்பாவுக்கு நான் சொன்ன அந்த இன்ஷா அல்லாஹ் நினைவுக்கு வந்தது. நாடுவான் அவன், ஆனால் அதைச் சொல்கிறவனுக்கும் ஒரு கடமை உண்டு. நான் அதை முடியாது என்பதற்குப் பதிலாக, மரியாதையான ஒரு சொல்லாகப் பாவித்திருந்தேன். கடன் கேட்டு வருகிறவனிடம் 'பார்ப்போம்' என்பதைப்போல. வாப்பா கொப்பியில் எழுதாத கடன் கொடுத்ததில்லை. நான் இருபது வருடங்களாக எழுதாத கடன் ஒன்றை வைத்திருந்தேன்.

சந்தியில் பூட்டிக்கிடந்த கடை இன்னும் எங்கள் பேரில்தான் இருந்தது. சந்தி வரை இழை வந்திருந்தது. அந்தக் கடைக்கு ஓர் இணைப்புக் கேட்டு விண்ணப்பித்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தும் அது கிடைக்க டிசெம்பர் ஆகிவிட்டது. பரீட்சை நவம்பரிலேயே முடிந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு என் வெளிச்சம் உதவவில்லை. அவள் சித்தியடைந்தாள், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மட்டிசைப்புக் கேள்வி வந்ததா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

2021இல் பள்ளிக்கூடங்கள் மறுபடி மூடியபோது, பக்கத்து லயங்களிலிருந்து பத்துப் பதினைந்து பிள்ளைகள் கடை வாசலுக்கு வந்தார்கள். வாப்பா அரிசி நிறுத்த இடத்தில் பெஞ்சு போட்டோம். அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்தப் பிள்ளையையே கேட்டேன். இப்போது அவள் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பின்னேரங்களில் கடைக்கு வருகிறாள்.

சென்ற முறை நான் போயிருந்தபோது உள்ளே ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. மேசையில் இரண்டு பென்சில்கள், ஒன்று கட்டை, ஒன்று நீளம். "இது எங்க தாத்தா அடிச்ச தப்பு" என்று உயர்தரப் பிள்ளைகள் இருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். "மொதல்ல நீங்க மனசுல தாளத்த ஓட்டுங்க. அப்பதான் நான் பிந்துறது தெரியும்." நான் டெலிபோனில் பாதியில் விட்டதை அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழப் பார்த்தார், கையைப் பிடித்து இருத்தினேன்.

"சின்ன முதலாளி, அந்த வயரு லயத்துப் பக்கம் வருமா?"

சட்டென்று வாயில் அந்தச் சொல்தான் வந்தது. நிறுத்திக்கொண்டு, பையிலிருந்த கடிதத்தின் பிரதியை எடுத்தேன். லயத்துப் பதினெட்டுக் குடும்பங்கள் ஒப்பமிட்ட விண்ணப்பம். யாரிடம் கொடுத்தேன், என்றைக்குக் கொடுத்தேன், அடுத்து எப்போது போய்க் கேட்கப் போகிறேன் என்று அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் இன்ஷா அல்லாஹ் என்றேன்.